நாய் கேட்காது, நான்தான் கேட்க வேண்டும்

நாய், பூனை உணவு பற்றி ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தின் வீடியோ இதற்குள் எல்லோர் கைக்கும் வந்திருக்கும். அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. நான் கேட்டது ஒரே கேள்வி. உங்கள் நாய் உணவுப் பாக்கெட்டின் பின்னால் 'இறைச்சி மற்றும் இறைச்சி உபபொருட்கள்' என்று போட்டிருக்கிறீர்களே, அது எந்தப் பிராணியின் இறைச்சி? அதற்கு அந்தக் கம்பெனிக்காரர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்ன பதில்: "மேடம், உங்க நாய் இதையெல்லாம் கேக்குதா?" கூட்டம் சிரித்தது. வீடியோவும் அந்தச் சிரிப்போடு முடிகிறது. அப்புறமும் நான் அதே கேள்வியைக் கேட்டதும், அவர் அடுத்த ஆளிடம் மைக்கை நீட்டியதும் அதில் இல்லை.

நாய் கேட்காது. அதற்கு வாயில்லை. அதனால்தான் நான் கேட்கிறேன். காசு கொடுப்பது நான், கிண்ணத்தில் போடுவது நான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லையா?

இந்தக் கேள்வி எனக்குப் பொழுதுபோகாமல் வந்ததில்லை. எங்கள் நாய் மணியை உங்களில் பலருக்குத் தெரியும். போன வருஷம் மழைக்காலத்தில் சொறிய ஆரம்பித்தான். காதுக்குள் சிவந்து, கால் விரல்களுக்கு நடுவே நக்கி நக்கி வெள்ளை முடியெல்லாம் செம்பழுப்பாகிவிட்டது. ராத்திரி முழுக்க அவன் கழுத்துப் பட்டையின் வளையம் கிலுகிலுவென்று ஆடும் சத்தம். யாருக்கும் தூக்கமில்லை. உண்ணி இல்லை, பூஞ்சை இல்லை என்று பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: உணவு ஒவ்வாமையாக இருக்கலாம், கோழி மேல் சந்தேகமாக இருக்கிறது, எட்டு வாரம் கோழியே இல்லாத சாப்பாடு கொடுத்துப் பாருங்கள், ஒரு துணுக்குக்கூட உள்ளே போகக் கூடாது.

சரி என்று கடைக்குப் போனேன். முன்பக்கம் முழுக்க மீன் படம் போட்ட ஒரு பாக்கெட். திருப்பினால் பொருட்கள் பட்டியலின் பாதி மேல் விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் அதை உரித்து, செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. மக்காச்சோளம், கோதுமை, விலங்குப் புரதம், விலங்குக் கொழுப்பு. கடைசிக்கு முந்திய வரியில்தான் மீன் தூள். எந்த விலங்கு? கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்தேன். "எல்லாமே உயர்தரப் பொருட்கள்தான் மேடம்." கோழி இருக்கிறதா, இல்லையா? "அது ஃபார்முலா மேடம், வெளியே சொல்ல மாட்டாங்க."

ஒவ்வாமை உள்ள உயிருக்கு வாங்குகிறேன் என்று சொன்ன பிறகும் அதே பதில்தான். கடைசியில் டாக்டர் எழுதிக் கொடுத்த அளவுப்படி வீட்டிலேயே மத்தி மீனும் பூசணியும் சோறும் வேகவைத்து, அவர் சொன்ன கால்சியத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். சொறி அடங்கியது. திரும்பவும் கோழி கொடுத்துப் பார்க்கச் சொன்னார். சில நாளிலேயே காது சிவந்தது. கோழிதான் என்று அப்போதுதான் உறுதியானது. அந்த மீன் படப் பாக்கெட்டை நம்பிக் கொடுத்திருந்தால் இது எனக்குத் தெரியவே வந்திருக்காது.

பின்பக்கத்தில் புரதம் இத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறானே, அது போதாதா என்று கேட்கிறீர்கள். போதாது. அந்தக் கச்சாப் புரதம் என்ற கணக்கில் யாரும் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. உணவில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறார்கள். அந்த நைட்ரஜன் நல்ல சதையிலிருந்து வந்ததா, கோழி இறகிலிருந்து வந்ததா என்று எண் சொல்லாது.

2007இல் நடந்தது இதுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. சீனாவிலிருந்து கோதுமைப் புரதம் என்று வந்த மாவில் மெலமைன் கலந்திருந்தது. பிளாஸ்டிக் தட்டு செய்கிற சமாச்சாரம். அதில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன், அதனால் பரிசோதனையில் புரதம் அமோகமாகக் காட்டியது. மெனு ஃபுட்ஸ் என்ற ஒரே கம்பெனி 6 கோடிக்கு மேல் டப்பாக்களையும் பாக்கெட்டுகளையும் திரும்பப் பெற்றது. எல்லாம் வேறு வேறு பெயரில், வேறு வேறு விலையில் விற்றவை. தயாரித்தது ஒரே கம்பெனி. அடுத்த வருஷமே சீனாவில் அதே மெலமைன் குழந்தைகளின் பால்மாவில் வந்தது. சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் இறந்தார்கள். நாய்க்குத்தானே என்று சிரிப்பவர்கள் இந்த வரியை இன்னொரு தரம் படியுங்கள். நாயின் கிண்ணத்தில் வந்தபோதே அந்த ஏமாற்று வேலை உலகத்துக்குத் தெரிந்துவிட்டது.

பெரிய கம்பெனிக்காரன் சோதிக்காமலா விற்பான் என்கிறார் ஒரு நண்பர். 2020 கடைசியில் அமெரிக்காவில் ஸ்போர்ட்மிக்ஸ் நாய் உணவில் அஃப்ளடாக்சின் இருந்தது. அதைத் தின்று இறந்ததாக அங்கே உணவையும் மருந்தையும் கண்காணிக்கிற அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்கு வந்த கணக்கு 110 நாய்களுக்கு மேல். மக்காச்சோளத்தில் பிடிக்கிற பூஞ்சையின் விஷம் அது. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கை மாட்டுக்கு வைக்கக் கூடாது என்று நம் ஊரில் மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். நம் பாக்கெட்டுகளில் முதல் பொருளே பெரும்பாலும் மக்காச்சோளம். அது எங்கே வாங்கியது, பூஞ்சை விஷத்துக்குச் சோதித்தார்களா என்று கேட்டால் நான் கலாட்டா செய்கிறேனாம்.

கால்நடை மருத்துவர் ஒருவர் மரியாதையாக எழுதியிருந்தார். உபபொருள் என்றால் கெட்டது இல்லை. ஈரல், நுரையீரல், குடல் எல்லாம் சத்துள்ளவை என்று. டாக்டர், முழுக்க ஒத்துக்கொள்கிறேன். நாமே குடல் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறவர்கள்தானே. ஈரல் என்றால் ஈரல் என்று எழுதட்டும், எந்தப் பிராணியின் ஈரல் என்றும் எழுதட்டும். நான் கேட்பது அவ்வளவுதான். தானியமே இல்லாத உணவு வாங்குங்கள் என்றும் நான் எங்கேயும் சொல்லவில்லை. பட்டாணியும் பருப்பும் நிறையச் சேர்த்த அந்த வகை உணவுகளுக்கும் நாய்களின் இதய வீக்கத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று 2018இலிருந்து எஃப்.டி.ஏ. பார்த்தது, முடிவாக எதுவும் நிரூபணமாகவில்லை. நான் எந்தப் பக்கத்துக்கும் விளம்பரம் செய்யவில்லை.

அப்படியானால் வீட்டில் சமைத்துப் போடு, ஏன் புலம்புகிறாய் என்கிறார்கள். எட்டு வாரம் சமைத்தேன், இன்னும் சமைப்பேன். ஆனால் காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் என்ன செய்வார்கள்? பூனை வைத்திருப்பவர்கள்? பூனைக்கு உணவில் டாரின் என்ற சத்து குறைந்தால் இதயம் கெட்டுவிடும் என்று 1987இல் கலிஃபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள். அப்போது அந்தப் பூனைகள் தின்றுகொண்டிருந்ததும் கடையில் விற்ற உணவுதான். அப்புறம்தான் கம்பெனிகள் டாரினைக் கூட்டின. கேட்டதால், ஆராய்ந்ததால் சரியானது. சும்மா இருந்ததால் இல்லை.

மனிதனுக்கே சோறில்லாத நாட்டில் நாய்ச் சோற்றுக்கு ஒரு பதிவா என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அவர்கள் மனிதர்களுக்காக என்ன எழுதினார்கள் என்று அவர்கள் பக்கத்திலேயே போய்ப் பாருங்கள்.

நமக்கான பிஸ்கட்டில் ஒரு தவறு இருந்தால் உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கிற அரசு அமைப்பான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யிடம் போகலாம். அந்தச் சட்டம் மனித உணவுக்கு. நாய், பூனை உணவுக்கு ஐ.எஸ். 11968 என்று இந்தியத் தரநிலை ஒன்று இருக்கிறது. ஆனால் நான் இதுவரை வாங்கிய எந்தப் பாக்கெட்டிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்ததில்லை. ஆயிரக்கணக்கில் விலை, பளபளவென்று பை, உள்ளே எந்தப் பிராணி என்று கேட்டால் சிரிப்பு.

இவ்வளவும் எனக்குத் தாங்கும். அந்த வீடியோவுக்குக் கீழே வந்த ஒரு கமென்ட்தான் தாங்கவில்லை. "பிள்ளை இல்லாத வீட்டில் நாய்தானே பிள்ளை, விடுங்க பாவம்." எழுதியவர் எங்கள் வீட்டில் டீ குடித்தவர். மணியின் தலையைத் தடவிக் கொடுத்தவர். அதற்கு விழுந்த சிரிப்பு முகங்களில் எனக்குத் தெரிந்த பெயர்கள் இருந்தன.

எனக்குப் பிள்ளை இருந்தாலும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன். பால்மா டப்பாவின் பின்பக்கத்தையும் இப்படித்தான் படித்திருப்பேன். இல்லாததால் என் கேள்வி பாவமாகிவிடுமா? ஒரு கம்பெனியிடம் கணக்குக் கேட்டவளின் வயிற்றைப் பற்றிப் பேச உங்களுக்கு எப்படி மனம் வந்தது? மணி என் பிள்ளை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. என் பொறுப்பு என்று சொல்கிறேன்.

உணவைப் பற்றி யார் என்ன கேட்டாலும் கீழே பதில் சொல்கிறேன், கடுமையாகக் கேட்டாலும் பரவாயில்லை. உங்கள் வீட்டுப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், சேர்ந்து படிப்போம். அந்தக் கமென்டைப் பற்றி என்னிடம் தனியாக வந்து பேச வேண்டாம், சமாதானமும் சொல்ல வேண்டாம். எழுதியவரே போய் அதை எடுக்கட்டும்.