இரண்டாவது ஆம்ப் யாருக்காக?

ஸ்டீல் கிட்டார் (கிடத்திவைத்து, கம்பிகளின் மேல் ‘பார்’ என்ற உலோகத் துண்டைச் சறுக்கி வாசிப்பது) வாசிக்கும் நண்பர்கள் சிலர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். மேடையில் இடப்பக்கம் ஓர் ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி), வலப்பக்கம் ஓர் ஆம்ப் வைத்து ஸ்டீரியோவில் வாசிப்பது வாசிப்பவருக்குத்தான் சுகம். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அதில் பாதிகூடப் போய்ச் சேர்வதில்லை. இரண்டாவது ஆம்ப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குக் கொடுக்கிற வேலையை மாற்றலாம் என்கிறேன்.

முதலில் அந்தச் சுகத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். பின்னால் இரண்டு பக்கமும் ஆம்ப் வைத்து, ஸ்டீரியோ டிலே (எதிரொலி தரும் எஃபெக்ட்) போட்டு, ஒரே ஒரு ஸ்வரத்தை வால்யூம் பெடலில் மெல்ல எழுப்பிப் பாருங்கள். எதிரொலி இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்குத் தாவும். அறையே பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கும். நானே ஏழெட்டு வருடம் அப்படித்தான் வாசித்தேன். ஒத்திகையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது.

கண் திறந்தது ஒரு நிகழ்ச்சியில். அன்று நான் வைத்திருந்தது பிங்பாங் டிலே. ஓர் எதிரொலி இடது ஆம்ப்பில் விழும், அடுத்தது வலதில் விழும். சவுண்ட் பார்த்தவரிடம் எனக்கென்று மிச்சமிருந்தது ஒரே மைக். அதை இடது ஆம்ப்புக்கு முன்னால் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். நானும் கவனிக்கவில்லை, எனக்கு மேடையில் சொர்க்கம். மறுநாள் ரெக்கார்டிங்கைக் கேட்டால் ஒன்றுவிட்டு ஒன்றாகத்தான் எதிரொலி வருகிறது. தாளத்துக்குப் பார்த்துப் பார்த்து அமைத்த டிலே, பல் போன வாய் மாதிரி இருந்தது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அன்று அரங்கத்து ஸ்பீக்கர்கள் முழுக்க மோனோ, எல்லாவற்றிலும் ஒரே ஒலிதான். இரண்டு மைக் வைத்திருந்தால் எதிரொலி எல்லாம் வந்திருக்கும், இடம் வலம் மட்டும் வந்திருக்காது.

அரங்குகளில் மோனோவாக ஓட்டுவதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்த காலம் உண்டு. காரணம் பிறகுதான் புரிந்தது. ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து சுமார் 30 மில்லிசெகண்டுக்குள் முன்பின்னாக வந்தால், காது முதலில் வந்ததைத்தான் ஒலி பிறந்த இடமாக எடுத்துக்கொள்ளும். ஹெல்முட் ஹாஸ் 1949-இல் இதை ஆராய்ந்து எழுதியதால் அவர் பெயரிலேயே ஹாஸ் விளைவு என்கிறார்கள். இடது ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு வலதைவிட இடது ஆம்ப் மூன்று மீட்டர் பக்கம் என்றால், அதன் ஒலி கிட்டத்தட்ட 9 மில்லிசெகண்ட் முந்திவிடும். அவரைப் பொறுத்தவரை நான் இடப்பக்கம்தான் வாசிக்கிறேன். நட்டநடுவில் உட்கார்ந்த சிலருக்கு மட்டும்தான் என் ஸ்டீரியோ.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. ஒலி ஒரு மில்லிசெகண்டில் ஏறத்தாழ 34 செ.மீ. போகும். ஒருவர் ஓர் ஆம்ப்புக்கு மற்றதைவிட அவ்வளவு தூரம் பக்கத்தில் இருந்தாலே, 500 ஹெர்ட்ஸில் இரண்டு ஆம்ப்பின் அலைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மெலிந்துவிடும். 1500, 2500 என்று மேலேயும் இதே கதை. நாற்காலிக்கு நாற்காலி டோன் மாறும்.

இதெல்லாம் எந்தக் கருவிக்கும் பொருந்தும். ஸ்டீலுக்கென்று தனியாக இருப்பது சுருதிப் பிரச்சினை. சாதாரண கிட்டாரில் ஃப்ரெட் (கழுத்தில் பதித்த உலோகப் பட்டி) இருக்கிறது, விரலை வைத்தால் சுருதி வந்து நிற்கும். நம்முடையதில் இருப்பது வெறும் கோடு. பாரைக் கோட்டின் மேல் கொண்டுபோன பிறகு மிச்சத்தைக் காதுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். முடியளவு நகர்ந்தாலும் தெரிந்துவிடும்.

இந்தக் கருவிக்கு ஸ்டீரியோ கோரஸ் போட்டால் என்ன ஆகும்? ரோலண்டின் ஜேசி-120 ஆம்ப், 1975-இல் வந்தது, இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் கொண்டது. கோரஸைப் போட்டால் ஒரு ஸ்பீக்கரில் நேர் ஒலி வரும், மற்றதில் சுருதி லேசாக ஆடும் ஒலி வரும், இரண்டும் கலப்பது காற்றில்தான். கிட்டாருக்கு அது அழகோ அழகு. ஸ்டீலில் நான் பாரை உருட்டி ஓர் அசைவு கொடுக்கிறேன், ஆம்ப் தன் பங்குக்கு இன்னோர் அசைவு கொடுக்கிறது. சறுக்கிக்கொண்டு போய் ஒரு ஸ்வரத்தில் இறங்கும்போது, சரியாக இறங்கினேனா என்பதே எனக்குப் புரியாது. (சுருதி சுத்தமில்லாததை மறைக்கவே கோரஸ் போடுபவர்களும் உண்டு. ஒரு காலத்தில் நானும் அதில் சேர்த்தி.)

சரி, இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். கிட்டாரிலிருந்து கேபிள் வால்யூம் பெடலுக்குப் போகிறது. அதற்குப் பிறகுதான் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை, நடுவில் எதுவும் இல்லாமல் நேராக 15 அங்குல ஸ்பீக்கர் உள்ள பெரிய ஆம்ப்புக்கு. சி6 என்ற சுருதியமைப்பு கொண்ட நெக்கின் (கழுத்தின்) பத்தாவது கம்பி சுமார் 65 ஹெர்ட்ஸ் வரை இறங்குவதால் அங்கே பெரிய ஸ்பீக்கர் வேண்டும். மற்றது டிலே, ரிவெர்ப் (பெரிய அறையின் முழக்கம் தருவது) வழியாகச் சின்ன ஆம்ப்புக்கு. நேர் ஒலி வருவதை ட்ரை ஆம்ப் என்றும், எஃபெக்ட் மட்டும் வருவதை வெட் ஆம்ப் என்றும் சொல்வார்கள். டிலேயின் மிக்ஸ் குமிழை எஃபெக்ட் பக்கம் முழுக்கத் திருப்பிவிடுங்கள், நேர் ஒலி பொட்டுகூட அதில் கசியக்கூடாது. டிஜிட்டல் பெடல் ஒலியை வாங்கி வெளியே விடுவதற்குள் ஓரிரு மில்லிசெகண்ட் ஆகிவிடலாம், அப்புறம் அந்த 500 ஹெர்ட்ஸ் கதை மறுபடி ஆரம்பிக்கும்.

வால்யூம் பெடல் டிலேக்கு முன்னால் இருப்பது முக்கியம். கம்பியின் ஒலி தேயத் தேயப் பெடலை அழுத்தி ஈடுகட்டிக்கொண்டே போவோம் அல்லவா? காலைத் தளர்த்தி மூடும்போது ட்ரை ஆம்ப் நின்றுவிடும், எதிரொலி மட்டும் பக்கத்து ஆம்ப்பில் தன்பாட்டுக்கு மங்கி அடங்கும். ஸ்டீரியோவில் நான் தேடிய அந்த விசாலம் இதிலேயே கிடைத்துவிட்டது. சுருதி ஓர் இடத்திலிருந்து சுத்தமாக வருகிறது, இடவெளி இன்னோர் இடத்திலிருந்து வருகிறது.

இரண்டு ஆம்ப் என்றாலே ஹம் (விடாத ‘ம்ம்ம்’ இரைச்சல்) தொல்லை உண்டு. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் ஒரு கிளையின் ஒலிக் கேபிளில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (நேர் மின்தொடர்பு இல்லாமல் ஒலியை மட்டும் கடத்துவது) வையுங்கள். ஹம் போவதற்காக எர்த் பின்னைக் கழற்றிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் கையில் இருப்பது இரும்பு பார், அது உட்காருவது உலோகக் கம்பியில், ஷாக் அடித்தால் நேராக நமக்குத்தான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

காதுக்குள் ஸ்டீரியோ மானிட்டர் போடுபவர்கள், சின்ன அறையில் தனியாக வாசிப்பவர்கள், ஸ்டுடியோவில் ரெக்கார்டிங் செய்பவர்கள் தாராளமாக இடம் வலம் பிரிக்கட்டும். அங்கே கேட்பவர் எங்கே இருக்கிறார் என்பது நமக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு மேடையில் திரும்பவும் எனக்கு ஒரே மைக். "எந்த ஆம்ப்புக்கு சார்?" என்று கேட்டார் சவுண்ட் பார்த்த தம்பி. ட்ரை ஆம்ப்பைக் காட்டினேன். அரங்குக்கு வேண்டிய ரிவெர்ப்பை அவர் மிக்ஸரிலேயே சேர்த்துக்கொண்டார். ரெக்கார்டிங் வந்தது. இரண்டு இடத்தில் நான் சுருதி தாழ்ந்திருப்பது அப்பட்டமாகத் தெரிகிறது.