யாரைக் கேட்டு வெட்டினாய்?

(2017 ஏப்ரல். ஓஹையோவில் ஒரு முடிதிருத்தும் கடை. கடைக்காரர் ஃபிராங்க், ஜனநாயகக் கட்சி. நாற்காலியில் டாம், பரம்பரைக் குடியரசுக் கட்சி. டிவியில் சிரியா.)

டாம்: பார்த்தாயா? 59 டோமஹாக் ஏவுகணை! ட்ரம்ப்தான் தலைவர்.

ஃபிராங்க்: காங்கிரசை, அதுதான் நம் நாடாளுமன்றத்தை, கேட்டாரா?

டாம்: சிரிய அதிபர் அசாத் ரசாயனக் குண்டு போட்டுக் குழந்தைகளைக் கொல்கிறான். 535 பேரிடம் கைதூக்கச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

ஃபிராங்க்: 2013இலும் இதே அசாத், இதே ரசாயனம். காங்கிரஸ் அனுமதி இல்லாமல் சிரியாவை அடிக்கக் கூடாது என்று அன்றைக்கு ஒபாமாவுக்கு ட்விட்டரில் பாடம் எடுத்தது யார்? உன் ட்ரம்ப்தானே! நீயும் இதே நாற்காலியில் குதித்தாய். காது தப்பியதே பெரிய விஷயம்.

டாம்: அது வேறு, இது வேறு.

ஃபிராங்க்: எது வேறு?

டாம்: ...ஆள் வேறு.

ஃபிராங்க்: அப்படிச் சொல்லு! கருத்துக்கணிப்பு பார்த்தாயா? சிரியாவை அடிக்கலாம் என்ற உங்கள் கட்சிக்காரர்கள் அன்றைக்கு 22 சதவீதம், இன்றைக்கு 86. நாங்கள் அன்றைக்கு 38, இன்றைக்கு 37. கொள்கை என்றால் இது!

டாம்: ஓகோ. லிபியா நடந்தபோது அந்தக் கொள்கை லீவில் போயிருந்ததா? ஆபத்து வாசலுக்கு வராதபோது அதிபர் தானாகத் தாக்குதலுக்கு உத்தரவிட முடியாது என்று 2007இல் சொன்னவர் ஒபாமா. 2011இல் யாரைக் கேட்டு விமானம் அனுப்பினார்? காங்கிரஸ் அனுமதி இல்லாவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். அந்தக் கெடு தாண்டியதும், சட்டம் சொல்கிற சண்டையே இது இல்லை என்று விளக்கம் வேறு. குண்டு விழுகிறது, சண்டை இல்லையாம்! ஈராக் போருக்கு எதிராகத் தட்டி பிடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனாயே, லிபியாவின்போது எங்கே போனாய்?

ஃபிராங்க்: கடையில் கூட்டம்.

டாம்: ஏழு மாதமுமா?

ஃபிராங்க்: உங்கள் கட்சித் தலைவர் கிங்ரிச் மட்டும் என்னவாம்? மார்ச் 7இல், இன்றிரவே லிபிய வானத்தை மூடு என்றார். ஒபாமா இறங்கியதும், 23ஆம் தேதி, நானாயிருந்தால் தலையிட்டிருக்கவே மாட்டேன் என்றார்.

டாம்: சரி, அவரை விடு. காங்கிரஸ் மட்டும் ஒழுங்கா? 1999இல் கொசோவோ குண்டுவீச்சுக்கு ஓட்டெடுப்பு. பிரதிநிதிகள் சபையில் 213க்கு 213!

ஃபிராங்க்: லிபியாவில் இன்னும் அழகு. அனுமதி தரும் தீர்மானம் தோல்வி. அதே நாளில், அந்தச் சண்டைக்கான காசைக் குறைக்கும் தீர்மானமும் தோல்வி.

டாம்: அது நம் காசப்பா! (கண்ணாடியைப் பார்த்து) ஐயையோ! ஓரத்தில் மட்டும் எடு என்றல்லவா சொன்னேன்? யாரைக் கேட்டு இப்படி ஒட்ட வெட்டினாய்?

ஃபிராங்க்: வெட்டிவிட்டு 48 மணி நேரத்துக்குள் தெரிவித்தால் போதும். அதிபருக்கான 1973ஆம் வருடத்துப் போர்ச் சட்டம் அப்படித்தான். 60 நாளில் தானாக வளர்ந்துவிடும்.

டாம்: இதற்கு நான் அனுமதி தரவே மாட்டேன்!

ஃபிராங்க்: தர வேண்டாம். காசு?

டாம்: (பர்சைத் திறந்து) எவ்வளவு?