ராஜினாமாவை அவர்கள் சொல்லி நீங்கள் எழுதாதீர்கள்

ஆளை வெளியே அனுப்புவது நிறுவனத்தின் முடிவு என்றால், அதை நிறுவனம்தான் எழுதித் தர வேண்டும். சென்னையில் ஐ.டி. நிறுவனங்கள் வரிசையாக இருக்கும் ஓஎம்ஆர் சாலையில் பல இடங்களில் அப்படி நடப்பதில்லை.

எங்கள் அபார்ட்மென்ட்டில் இருக்கும் தம்பி ஒருவருக்குப் பெருங்குடியில் வேலை. போன மாதம் மதியம் சாப்பிட்டுவிட்டு சீட்டுக்கு வந்தால் ஒரு மீட்டிங் அழைப்பு. போனால் ஹெச்.ஆரிலிருந்து இரண்டு பேர். ராஜினாமா மெயிலை முன்னாடியே டைப் செய்து வைத்திருக்கிறார்கள், காரணம் 'சொந்தக் காரணங்கள்'. இவர் அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. "நீங்களா ரிசைன் பண்ணிட்டா ரிலீவிங் லெட்டர் சுத்தமா வந்துடும். நாங்க டெர்மினேட் பண்ணா அடுத்த கம்பெனி பண்ற பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல தெரியும், பாத்துக்குங்க." மனைவியிடம் பேசிவிட்டு வருகிறேன் என்றதற்கும் விடவில்லை. ஹோம் லோன் ஓடுகிறது, இரண்டு பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணும். அனுப்பிவிட்டார்.

அந்த அறையில் அவருடைய மேனேஜர் இல்லை. எனக்கு இதுதான் மனசே ஆறவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு சாஃப்ட்வேர் ரிலீஸுக்கான ஃபோன் மீட்டிங்கில் கூடவே இருந்தவர், அப்ரைசலில் பாராட்டி எழுதியவர், அன்றைக்கு எதிரில் உட்கார்ந்து காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டாமா?

ஆட்குறைப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. ப்ராஜெக்ட் முடியும், கிளையன்ட் போவார், ஏஐ பாதி வேலையை எடுத்துக்கொள்ளும். அதற்குத்தான் சட்டத்தில் வழி இருக்கிறது. 1947-ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் 1953 முதலே, ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. பொதுவாகக் கடைசியில் சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இவை இருக்கின்றன. கூடவே, வேறு திறன் கற்றுக்கொள்ள இன்னொரு 15 நாள் சம்பளமும் உண்டு. 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதிக் கொடுத்த நிமிஷமே காகிதத்தில் இது ஆட்குறைப்பு இல்லை என்றாகிவிடுகிறது. பத்து வருஷ சர்வீஸ் உள்ளவருக்கு அந்த இழப்பீடு மட்டுமே ஐந்து மாதச் சம்பளம்.

"ஐ.டி.க்காரன் தொழிலாளியா?" என்று கேட்பவர்கள் நம்மிலேயே நிறைய. முக்கியமாக நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களுக்கும்தான் இந்தச் சட்டம் பொருந்தாது. தொழில்நுட்ப வேலை அதன் வரையறைக்குள்ளேயே வருகிறது. டெசிக்னேஷனில் மேனேஜர் என்று இருப்பதால் மட்டும் யாரும் நிர்வாகி ஆகிவிடுவதில்லை, என்ன வேலை பார்த்தார் என்பதுதான் கணக்கு. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கத் தடை இல்லை என்று தமிழக அரசே 2016-ல் தெளிவுபடுத்தியது. 1918-லேயே பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய ஊர் இது.

ஹெச்.ஆரில் இருக்கும் நண்பர்களிடம் உரிமையோடு கேட்கிறேன்: மேலிடம் பட்டியல் கொடுத்தால், ஆட்குறைப்புக் கடிதமாகவே கொடுக்கச் சொல்லி வாதாடுங்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று அந்த மேலிடத்துக்கு எடுத்துச் சொல்ல உங்களைவிட்டால் ஆள் இல்லை.

மற்றவர்களுக்கு: அப்படி ஓர் அழைப்பு வந்தால் எதையும் அங்கேயே எழுதாதீர்கள். "சொல்வதை மெயிலில் அனுப்புங்கள், படித்துவிட்டுப் பதில் சொல்கிறேன்" என்று எழுந்து வாருங்கள். சம்பளச் சீட்டு, ஆஃபர் லெட்டர் நகல்களை இன்றைக்கே எடுத்து வையுங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள், கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று உடனே எழுத்தில் தெரிவித்துவிட்டுத் தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள். நாள் கடத்த வேண்டாம்.