எரர் போச்சு, ஆபத்து போகலை

போன மாசம் பெங்களூர் அல்சூர்ல பிரஸ் வச்சிருக்கிற அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, நீ போட்டுக் கொடுத்த சர்வர்ல பையன் அப்டேட் போட்டானாம், ஏதோ எரர்ங்கிறான்." போய்ப் பார்த்தா சென்ட்ஓஎஸ் 7, லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டம்ல ஒரு வகை. அதுக்கு அப்டேட் இறக்குற 'யம்' கமாண்டை அடிச்சா, அப்டேட் எங்கே கிடைக்கும்னு பட்டியல் தர்ற மிரர்லிஸ்ட் ஹோஸ்டையே கண்டுபிடிக்க முடியலைன்னு நிக்குது.

2018-ல அதைப் போடச் சொன்னவனே நான்தான். அன்னிக்கு அது சரியான யோசனை. 2024 ஜூன் 30 வரைக்கும்தான் அதுக்கு ஆயுசு, அப்புறம் அப்டேட் வராதுன்னு அவர்கிட்ட சொல்லாம விட்டேன் பாருங்க, அதுதான் தப்பு.

இந்த எரருக்கு நம்ம ஆளுங்ககிட்ட ஒரு கைவைத்தியம் இருக்கு. யம் எங்கே தேடணும்னு சொல்ற ரெப்போ ஃபைலைத் திறந்து, மிரர்லிஸ்ட் வரி வேலை செய்யாதபடி கமென்ட் பண்ணிட்டு, முகவரியை வால்ட்டுக்கு மாத்திடுவாங்க. கன்னடத்துல சொல்ற மாதிரி, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க! வால்ட்ங்கிறது பழைய சரக்கு குடோன். ஓட்டையை அடைக்கிற பேட்ச் ஒண்ணுகூட புதுசா அங்கே வராது. ஆனா யம் சமர்த்தா "அப்டேட் எதுவும் இல்லை"ன்னு சொல்லும், நாமளும் நிம்மதியாத் தூங்குவோம். எரர் வந்தப்போ இருந்த பயமும் போச்சு.

"பழசுதான்யா சேஃப்"னு சொல்றவங்களுக்கு ஒரு நல்ல உதாரணம் நானே தர்றேன். சென்ட்ஓஎஸ் 7 முடிஞ்ச மறுநாளே, ஜூலை 1 அன்னிக்கு, தூரத்துலேர்ந்து சர்வருக்குள்ள நுழையப் பயன்படுத்துற ஓபன்எஸ்எஸ்ஹெச்-ல பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. அதோட 8.5 வெர்ஷன்லேர்ந்து வந்த கோளாறு அது. சென்ட்ஓஎஸ் 7-ல இருந்ததோ 7.4, தப்பிச்சுது. ஒத்துக்கிறேன். ஆனா அது அதிர்ஷ்டம். இன்னொரு லினக்ஸான டெபியன் 12-ல இருந்த 9.2-ல ஓட்டை இருந்தது. உடனே பேட்ச் வந்தது, நம்பர் மட்டும் அதே 9.2. ஸ்டேபிள்னா எனக்கு இதுதான்: நம்பர் பழசா இருக்கட்டும், பின்னாடி ஆள் இருக்கணும்.

அண்ணனுக்கு சென்ட்ஓஎஸ்ஸுக்குப் பதிலா அல்மாலினக்ஸ் 9 போட்டேன். சுலபமா முடியலை. அவரோட பில்லிங் சாஃப்ட்வேர், பிஹெச்பிங்கிற புரோகிராமிங் மொழியோட 5.4 காலத்துச் சமாச்சாரம், அதுல டேட்டாபேஸோட பேச இருந்த பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களை பிஹெச்பி 7-லயே தூக்கிட்டாங்க. ரெண்டு ஞாயித்துக்கிழமை காலி. நடுவுல நாலு வடை, மூணு காபி.

"இது எத்தனை வருஷம் தாங்கும்?"னு கேட்டார். ஆயுதபூஜைக்கு வச்ச சந்தனம் இன்னும் காஞ்சு ஒட்டிட்டிருக்கிற கேபினெட் மேல, மார்க்கர்ல பெருசா எழுதி வச்சேன்: 2032 மே.