தொட்டி அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியுமா?

"கொத்தமல்லி, புதினா, லெட்யூஸ் வைக்கும் தொட்டியில் முதலில் 2 அங்குலம் ஜல்லி போடுங்கள், வேர் அழுகவே அழுகாது" என்று ஒரு குறிப்பு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கேட்க நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் தவறு.

மண்ணின் நுண்துளைகள் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஜல்லிக்கு நடுவே உள்ள பெரிய இடைவெளிகளுக்கு அந்த இழுவிசை கிடையாது. அதனால் மேலே இருக்கும் மண்ணின் அடிப்பகுதி ஊறி நிரம்பும்வரை தண்ணீர் ஜல்லிக்குள் இறங்காது. ஜல்லி போடாத தொட்டியிலும் அடியில் இப்படி ஓர் ஈர அடுக்கு தங்கும்தான். ஜல்லி போட்டால் அதே அடுக்கு 2 அங்குலம் மேலேறி, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து உட்காரும்.

சந்தேகமா? ஒரு ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் செங்குத்தாக நிறுத்துங்கள், மறுபடி சொட்டும். உயரம் கூடினால்தான் தண்ணீர் இறங்குகிறது. மண்ணுக்குக் கிடைக்க வேண்டிய அந்த உயரத்தைத்தான் ஜல்லி தின்றுவிடுகிறது.

சரி, என்ன செய்யலாம்? அடியில் அடைபடாத துளைகள் வேண்டும், தொட்டி முழுக்கப் பொலபொலப்பான கலவை வேண்டும். தென்னை நார்த்தூளோடு மட்கிய உரமும் கொஞ்சம் பெர்லைட்டும் (மண்ணைப் பொலபொலப்பாக்கும் எடை குறைந்த வெள்ளைத் துகள்கள்) சேர்த்தால் போதும். துளை வழியே மண் கொட்டினால் ஒரு துண்டு வலை வையுங்கள். துளையே இல்லாத அலங்காரத் தொட்டியை ஜல்லி காப்பாற்றாது. துளை போட முடியாவிட்டால் அதில் செடி வைக்காதீர்கள்.