சக்தி அதிகமுள்ள கன்சோல்தான் விற்கும் என்பது சரியல்ல

"எந்தத் தலைமுறையிலும் சக்தி அதிகமுள்ள கன்சோல்தான் அதிகம் விற்கும், பிஎஸ்4 அதற்குச் சாட்சி" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். (கன்சோல் என்பது டிவியில் இணைத்து விளையாடும் வீடியோ கேம் கருவி; பிஎஸ் என்பது சோனியின் பிளேஸ்டேஷன்.) இது தவறு.

2006-இல் வந்த நின்டெண்டோ வீ-யால் எச்டி படம்கூடக் காட்ட முடியாது. அமெரிக்காவில் அதன் விலை 250 டாலர். அதே மாதம் வந்த பிஎஸ்3 அதைவிடப் பல மடங்கு சக்தி வாய்ந்தது, ஆனால் விலை 499, 599 டாலர். கடைசியில் வீ 10 கோடியைத் தாண்டியது. பிஎஸ்3 சுமார் 8.7 கோடியில் நின்றது. அதுவும் 2009-இல் 299 டாலருக்கு இறங்கிய பிறகுதான் நன்றாக ஓடத் தொடங்கியது.

பிஎஸ்4 விஷயத்திலும் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள். மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன்னைவிட அதன் கிராபிக்ஸ் திறன் கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் 2013-இல் அது 399 டாலர். கைனெக்ட் கேமராவையும் சேர்த்தே விற்ற எக்ஸ்பாக்ஸ் ஒன் 499. அந்த நூறு டாலரை விட்டுவிட்டுப் பேசலாமா? மறு வருடமே மைக்ரோசாப்ட் கைனெக்ட் இல்லாமல் 399-க்குக் கொண்டுவந்ததே!

அதற்காக விலை மட்டுமே முடிவு செய்கிறது என்றும் நான் சொல்லவில்லை. 2001-இல் நின்டெண்டோவின் கேம்கியூப் 199 டாலர், பிஎஸ்2 299. கேம்கியூபுக்குச் சக்தியும் அதிகம். ஆனாலும் அது சுமார் 2.2 கோடிதான் விற்றது, பிஎஸ்2 15 கோடிக்கு மேல். காரணம், பிஎஸ்2 ஒரு வருடம் முன்பே வந்தது, அதில் டிவிடி படம் பார்க்கலாம், பழைய பிஎஸ்1 விளையாட்டுகளும் ஓடும், அப்புறம் விளையாட்டுகளின் எண்ணிக்கை.