பீரங்கியைக் குறை சொல்லாதீர்கள்

நேற்றிரவு 'சிவிலைசேஷன் 5' என்ற கணினிப் போர் ஆட்டத்தில் நடந்ததைக் குழுவில் இருக்கும் எல்லோரும் பார்த்தீர்கள். மூன்று பீரங்கிகளை எதிரி நகரத்தின் மதிலை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தி, இரண்டே சுற்றில் மூன்றையும் பறிகொடுத்த நண்பர், "இந்த ஆட்டத்தில் பீரங்கி வீண்" என்று எழுதினார்; அதற்கு அத்தனை பேர் விருப்பக்குறி இட்டிருக்கிறீர்கள். அந்த ஆட்டம் வெளிவந்த 2010 முதல் அதை ஆடிவரும் என்னால் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பீரங்கியின் பலம் தூரத்தில்தான் இருக்கிறது. நகரம் வரைபடத்தில் இரண்டு கட்டம் வரைதான் சுடும். ஆட்டத்தில் டைனமைட் கண்டுபிடித்ததும் கிடைக்கும் 'ஆர்ட்டிலரி' என்ற இந்தப் பீரங்கி மூன்று கட்டம் வரை சுடும். அந்த ஒரு கட்டத்துக்காகத்தான் அதை உருவாக்குகிறோம். மதிலை ஒட்டி நிறுத்துகிறவர் அந்த ஒரு கட்டத்தைத் தாமே எதிரிக்குத் தாரைவார்க்கிறார்.

நானும் பட்டுத்தான் கற்றேன். ஒருமுறை அவசரத்தில் பீரங்கியைக் காட்டுக் கட்டத்துக்குள் நுழைத்தேன். ஒரு சுற்றில் நகர அதற்குக் கிடைக்கும் இரண்டு நகர்வுப் புள்ளிகளும் அங்கேயே தீர்ந்துவிட்டன. சுடுமுன் பீரங்கியை நிலைநிறுத்த ஒரு புள்ளி வேண்டும், அது இல்லை. சுடாமல் நின்ற பீரங்கியை எதிரியின் குதிரைப்படை வந்து அழித்தது. அன்று நான் பீரங்கியைப் பழிக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் காலாட்படையைக் குன்றின்மேல் ஏற்றி, பீரங்கிகளை அதற்குப் பின்னால் வைத்தேன். பீரங்கிக்குப் பார்வை குறைவு. காலாட்படை பார்த்துச் சொல்ல, அது குன்றைத் தாண்டிச் சுட்டது. நகரத்தின் மீதிப் பலத்தைக் காட்டும் கோடு பச்சையிலிருந்து மஞ்சளாகி, சிவப்பாகி, நூலாய்த் தேய்ந்தபோது காலாட்படை உள்ளே நுழைந்தது. பீரங்கி எவ்வளவு சுட்டாலும் தானாக நகரத்தைப் பிடிக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

"விமானம் வந்தால் என்ன செய்வாய்?" என்பீர்கள். விமானம் வருவதற்குள் நகரங்களைப் பிடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். "தூரத்தில் நின்று சுடுவது கோழைத்தனம்" என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. மதிலில் மோதிச் சாகவிருக்கும் காலாட்படையை உயிரோடு வைத்திருப்பதற்காகத்தான் தூரத்திலிருந்து சுடுகிறோம். இதில் கோழைத்தனம் எங்கே இருக்கிறது?

"மூன்று கட்டம் தள்ளியே நிறுத்துங்கள்" என்று நேற்று இரண்டு முறை தட்டச்சு செய்தேன். அந்த நண்பர் கேட்காததில்கூட எனக்கு வருத்தமில்லை. அந்தப் பீரங்கிகளில் இரண்டு, என் கருவூலத்துத் தங்கத்தைக் கொடுத்து வாங்கியவை. அவற்றைக் காப்பாற்ற நான் முன்னால் அனுப்பிய இரண்டு காலாட்படைகளும் திரும்பவில்லை. அதற்குப் பிறகும், "அவன் பின்னால் ஒளிந்திருந்தான்" என்று என்னைப் பற்றி எழுத அவருக்கு மனம் வந்திருக்கிறது.